ஓநாய்ப் புத்தகங்களுக்கு அத்தை வைத்த கைநாட்டு

போன செவ்வாய்க்கிழமை நம் பள்ளிக்கூட குரூப்பில் மூன்று படங்கள் வந்தன. வெள்ளையடிப்பதற்காக மாதா கோவிலின் பழைய அலமாரியை நகர்த்தியபோது பின்னால் கிடந்ததாம் அந்த நோட்டு. பங்குப் பேரவையில் இருக்கிற நம் கிளாஸ் லீடர் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் போட்டான். மேலே ‘வாசகர் கருத்து’ என்று எழுதியிருக்கிறது. ஓரமெல்லாம் கறையான் தின்றது போக மிச்சம் ஒரு சிறுபிள்ளைக் கையெழுத்து, அதற்குக் கீழே ஊதா மையில் ஒரு கைநாட்டு.

நீங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். “யாருப்பா இந்த ஓநாய் விமர்சகர்?” என்று கேட்டான் மில்லில் ரிடையர் ஆனவன். டீச்சரம்மா சிரிப்புப் பொம்மை பத்துப் போட்டிருந்தாள். நானும் முதலில் சிரித்தேன். ஐம்பது வருஷம் தாண்டியும் சிரிக்க வைக்கிறது என்றால் அந்த வாயில் எவ்வளவு உப்பு இருந்திருக்க வேண்டும்! பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதேன். என் மருமகள் பயந்துபோய், “அத்தை, சுகர் மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்டாள். என்னையும் இப்போது ஒருத்தி அத்தை என்றுதான் கூப்பிடுகிறாள்.

லீடர், நாலாவது பக்கத்தை ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் எல்லாரும் இதைப் படித்துவிடுங்கள். வாய்ஸ் மெசேஜாகச் சொல்லிப் பார்த்தேன், பாதியிலேயே அழித்துவிட்டேன். நீளமாக இருக்கிறது என்று எவனாவது முணுமுணுத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். தினம் காலையில் நீங்கள் அனுப்புகிற ரோஜாப்பூவை எல்லாம் நான் பொறுத்துக்கொள்ளவில்லையா?

நாம் ஐந்தாம் வகுப்பு முடித்த லீவு அது. புதிதாக வந்த சிஸ்டர் கோவிலை ஒட்டின அறையில் இரண்டு அலமாரி வைத்து நூலகம் ஆரம்பித்தார்கள். மலைமேல் எஸ்டேட்டில் வேலை பார்த்து ஊருக்குத் திரும்பிய யாரோ கொடுத்த புத்தகங்களும், மதுரையிலிருந்து சாக்குமூட்டையில் வந்த புத்தகங்களும். முதல் நாளே ஒரு புத்தகத்துக்கு நாலு பேர் அடித்துக்கொண்டு அட்டை இரண்டாகக் கிழிந்தது. சிஸ்டர் திட்டவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், வயலுக்குத் தண்ணீர் முறை வைப்பதுபோல புத்தகத்துக்கும் முறை வைத்துவிட்டார்கள். புத்தகங்களைத் தலைப்பின் முதல் எழுத்துப்படி அடுக்கி, சீட்டுக் குலுக்கி, வீட்டுக்கு ஓர் எழுத்து. லீவு முழுக்க அந்த வீட்டுக்கு அந்த எழுத்துதான்.

‘க’ விழுந்த வீட்டுக்கு யோகம், ஒரு தட்டு நிறையப் புத்தகம். எனக்கு விழுந்தது ‘ஓ’. ஆறே ஆறு. அதில் ஒன்று ஓவியம் வரையச் சொல்லிக்கொடுப்பது, ஒன்று ஓட்டுக்கூரை வேய்வது. மிச்சம் நாலும் ஓநாய்! “ஏலே, இவளுக்கு ஓநாய் விழுந்துருச்சுடா” என்று வீடு வரைக்கும் ஊளையிட்டுக்கொண்டே என் பின்னால் வந்தீர்கள். மில்காரா, முன்னால் நின்று ஊளையிட்டது நீதான். நான் மறக்கவில்லை.

சிஸ்டர் இன்னொரு சட்டமும் வைத்திருந்தார்கள். வாங்கிப்போன புத்தகத்துக்குக் கருத்து எழுதினால்தான் அடுத்த புத்தகம். “வீட்ல படிக்கத் தெரியாதவங்க இருந்தா வாசிச்சுக் காட்டுங்க. கேட்டவங்களும் வாசகர்தான். அவங்க சொல்றத எழுதி, கைநாட்டு வாங்கிட்டு வாங்க. அது அவங்க கருத்து, நீங்க அதுல கைவைக்கக் கூடாது” என்றார்கள். அதற்காக ஒரு தகர டப்பா மை பேடைக்கூட வீடு வீடாகக் கொடுத்து அனுப்பினார்கள். லீவு முடிகிறபோது சிறந்த கருத்துக்கு ஒரு பேனா. பச்சை உடம்பு, தங்க நிற மூடி. அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் அது நின்றது. கோவிலுக்குள் போகும்போதும் வரும்போதும் நான் சொரூபத்தைப் பார்த்தேனோ இல்லையோ, அந்தப் பேனாவைப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் அந்த லீவுக்குக் கேட்க ஆள் இருந்தது. அப்பாவின் தங்கச்சி, என் அத்தை. வருசநாட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் மத்தியான பஸ்ஸில் ஒரு மஞ்சப்பையோடு வந்து இறங்கினாள். இடது மணிக்கட்டு முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. “கீழ விழுந்துட்டேன் மதினி” என்று அம்மாவிடம் சொன்னாள். அன்றைக்கு அத்தைக்கு முதுகு தேய்த்துவிடப் போன அம்மா, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். முதுகெல்லாம் தழும்பு என்று அப்பாவிடம் சொன்னாள். “புருசன் பொண்டாட்டின்னா நாலும் இருக்கும். இதப் போயி ஊருக்குள்ள சொல்லிக்கிட்டுத் திரியாத” என்றார் அப்பா. அவர் கெட்டவர் இல்லை. ஊர் வாய்க்குப் பயந்தவர், அவ்வளவுதான்.

இரண்டாவது வாரம் மாமா வந்தார். வெள்ளை வேட்டி, படியச் சீவின தலை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். எனக்குக்கூட ஒரு பழம் பிய்த்துக் கொடுத்தார். பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. பங்குச் சாமியார் எங்கள் வீட்டுக்கே வந்து பேசினார். “பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் அந்தப் பிள்ளை இங்கதான் இருக்கும். அதுவா வாயத் திறந்து போறேன்னு சொன்னாத்தான் அனுப்புவேன். அது சொல்லாம யாரும் அனுப்பக் கூடாது” என்று அப்பாவுக்கும் மாமாவுக்கும் சேர்த்துச் சொன்னார். அத்தை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அன்று ராத்திரி அவள் தட்டில் போட்ட சோறு முழுவதையும் தின்றதை அம்மா எத்தனையோ நாள் சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு சொல்லை அவள் சொல்லாதவரை அவளை அசைக்க முடியாது. அவளுக்கு இருந்த ஒரே பிடி அதுதான்.

பங்குனி, சித்திரையில் எங்கள் வீட்டில் இலவம்பஞ்சு பிரிக்கிற வேலை நடக்கும். காய்ந்த இலவங்காயை உடைத்து, பஞ்சைத் தட்டி, விதையை எடுக்க வேண்டும். காற்றுப் பட்டால் அம்புட்டும் பறந்துவிடும். அதனால் அந்தச் சித்திரை வெயிலிலும் கதவு ஜன்னல் எல்லாம் அடைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். அத்தை மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு துண்டால் கட்டிக்கொள்வாள். கூரையில் ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. அதன் வழியாக விழும் வெளிச்சச் சதுரத்தில் நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்காருவேன். மத்தியானம் ஆக ஆக அந்தச் சதுரம் நகரும், நானும் கூடவே நகர்ந்துகொண்டே வாசிப்பேன். வியர்வையில் பஞ்சு ஒட்டி எங்கள் புருவமெல்லாம் வெளுத்துக் கிடக்கும்.

முதல் புத்தகம் ‘ஓநாய்க் கணவாய்’. பனிமலையில் வழி தவறின ஒரு சிப்பாயின் பின்னாலேயே ஓநாய்கள் வருகிற கதை.

“பனின்னா என்னா மருமவளே? மார்கழில விழுகுறதா?”

“அது இல்ல அத்தை. மேலருந்து வெள்ளையா விழுந்துக்கிட்டே இருக்குமாம். எல்லாத்தையும் மூடிருமாம்.”

அத்தை அறையைச் சுற்றிப் பார்த்தாள். “அப்ப இங்கன மாதிரித்தான். என்ன, அவுகளுக்குக் குளுருது, நமக்கு வேகுது.”

கதை முடிந்ததும் துண்டை இறக்கிவிட்டுக் கருத்துச் சொன்னாள். நீங்கள் முதல் படத்தில் பார்த்தது அதுதான்: ‘ஓநாய் கடைசி வரைக்கும் பின்னாடியே வந்துச்சு, ஒண்ணும் செய்யல. சுட்டதெல்லாம் மனுசன்தான். பயந்தவன் கையில துப்பாக்கியக் குடுத்தது தப்பு.’ நான் எழுதி முடித்ததும் திருப்பி வாசித்துக் காட்டினேன். அத்தை அந்தக் கோணல் கையை வலது கையால் பிடித்து, பெருவிரலை மையில் ஒற்றி, தாளில் அழுத்தி வைத்தாள். ஊதா மை நாலு நாள் போகவில்லை. பஞ்சில் அங்கங்கே ஊதா பட்டு, “ஏ புள்ள, வெரலத் தேச்சுக் கழுவு” என்று அம்மா சத்தம் போட்டாள். “இருக்கட்டும் மதினி, நான் கையெழுத்துப் போட்ட ஆளு” என்றாள் அத்தை. அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

இரண்டாவது ‘ஓநாய் மாளிகை மர்மம்’. துப்பறியும் கதை. கடைசிப் பக்கம் வரை ஓநாயே வரவில்லை. அத்தைக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! ‘தலைப்புல ஓநாய்னு போட்டு ஏமாத்திட்டாக. புளிக்குழம்புன்னு சொல்லி வெந்நி ஊத்துன கத.’ டீச்சரம்மா, நீ சிரித்தது இதற்கு.

மூன்றாவது ‘ஓநாய்க்கு நன்றி சொன்ன இடையன்’. ஒரே ஒரு குட்டியோடு மந்தையை விட்டுப் போன ஓநாயை இடையன் கும்பிடுகிற கதை. அத்தை இரண்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு ஆடு மேய்த்தவள். ‘எழுதுனவுக ஆடு மேச்சதில்ல. ஒரு குட்டி போனா அன்னிக்கு வீட்ல என்ன பேச்சு விழும்னு அவுகளுக்குத் தெரியாது. ஆனா இடையன் பொண்டாட்டி கஞ்சிய மரத்தடியில வச்சுட்டு யாருகிட்டயும் பேசாமப் போறான்னு ஒரு வரி வருது. அந்த ஒரு வரி நல்லாருக்கு.’ இன்றைக்கு வாசிக்கும்போது அந்த இடையன் பொண்டாட்டியில் எனக்கு அத்தை தெரிகிறாள். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. ஒரு வரி நல்லாயிருக்கிறது என்று சொன்னால் பேனா கிடைக்குமா என்பதுதான் என் கவலை.

சிஸ்டர் அதைப் படித்துவிட்டு முந்தின இரண்டு பக்கங்களையும் புரட்டிப் பார்த்தார்கள். பிறகு, “ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா பரிசுக்கு எடுக்கப் போறது சாமியார். அவர் இதுல படிப்பினை எங்கன்னு கேட்பாரே” என்றார்கள். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அலமாரிப் பேனாவை ஒரு பார்வை பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் போதும்.

நாலாவது புத்தகம் ‘ஓநாய் திரும்பிய பாதை’. ஒருவன் ஒரு குட்டி ஓநாயைப் பிடித்துவந்து வீட்டில் சங்கிலி போட்டு வளர்க்கிறான். பெரிதானதும் அது சங்கிலியை அறுத்துக்கொண்டு காட்டுக்கு ஓடுகிறது. குளிர்காலம் வருகிறது, இரை கிடைக்கவில்லை. கடைசியில் தானாகவே திரும்பி வந்து, பழைய சங்கிலிக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறது. அவன் அதன் தலையைத் தடவிக்கொடுக்கிறான். முற்றும்.

அத்தை விதை எடுப்பதை நிறுத்திவிட்டாள். துண்டை இறக்கவில்லை. துணிக்குள்ளிருந்தே கருத்தைச் சொன்னாள். நான் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினேன். எழுதினேனா? அவள் சொன்னது ஒன்று, நான் எழுதியது வேறு. பூசைப் பிரசங்கத்தில் கேட்ட சொற்களை எல்லாம் ஞாபகப்படுத்தி எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தில் நீங்கள் படிக்கப் போவது இதைத்தான்: ‘கோபத்தில் வீட்டை விட்டுப் போன ஓநாய் தன் தவற்றை உணர்ந்து எஜமானிடமே திரும்பி வந்தது. போன இடத்தைவிட இருந்த இடமே மேல். பிரிந்தவர்கள் மன்னித்துச் சேர்ந்து வாழ வேண்டும் என்பதே இக்கதையின் படிப்பினை. எனக்கு இக்கதை மிகவும் பிடித்தது.’

திருப்பி வாசித்துக் காட்டு என்றாள். நோட்டைப் பார்த்துக்கொண்டே, அவள் சொன்னதை அப்படியே மனசிலிருந்து ஒப்பித்தேன். படிப்பில் நான் கெட்டிக்காரி அல்லவா! “சரியா எழுதிட்ட” என்று சொல்லிப் பெருவிரலை அழுத்தி வைத்தாள்.

அத்தையின் நிலைமை எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். சாமியார் சொன்னபோது நானும் அதே கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். ஓநாய்க்கும் அத்தைக்கும் முடிச்சுப் போட்டு யாரும் படிப்பார்கள் என்று யோசிக்கவில்லை, அவ்வளவுதான். யோசிக்கவில்லை என்பதை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் என்னை நானே சமாதானப்படுத்தப் பார்த்தேன். முடியவில்லை.

பரிசு எனக்குத்தான். பூசை முடிந்து எல்லாரும் கைதட்டினீர்கள். சாமியார் பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு, அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். அன்று சாயங்காலம் அப்பா, அம்மா, அத்தை, நான் எல்லாரும் சாமியார் வீட்டுக்குப் போனோம். சாமியார் சொல்லியனுப்பி வந்திருந்த மாமா அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். மேசைமேல் நோட்டு விரித்திருந்தது. சிஸ்டர் ஓரமாக நின்றார்கள்.

சாமியார் நாலாவது பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். வாசித்து முடித்துவிட்டு, “நான் உன்னைக் கட்டாயப்படுத்தலைம்மா. மனசுல உள்ளத வாயால சொல்லக் கூச்சப்பட்டு, கதைமேல வச்சுச் சொல்லியிருக்க. கைநாட்டும் வச்சிருக்க. இது நீ சொன்னதுதான?” என்றார்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கையில் பேனாவைப் பிடித்திருந்தேன். அவள் பேனாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பொய் சொன்னால் ஓங்குகிற அப்பாவின் கையை அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இல்லை என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும், அங்கே எல்லார் முன்னாலும் நான் பொய்க்காரி. நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. 

“ஆமா சாமி. நான்தான் சொன்னேன்” என்றாள் அத்தை.

சிஸ்டர் மட்டும், “சாமி, முந்தின பக்கங்களையும் ஒரு தடவை பாருங்க, அவங்க பேசுற மாதிரி இது…” என்று ஆரம்பித்தார்கள். “நல்ல காரியத்துல என்ன சிஸ்டர்” என்று சாமியார் சிரித்துக்கொண்டே நோட்டை மூடிவிட்டார்.

மறுநாள் காலை பஸ் ஏற்றிவிட எல்லாரும் போனோம். மாமா டிக்கெட்டுக்குச் சில்லறை மாற்றப் போயிருந்தார். நான் அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டு தேம்பினேன். அவள் குனிந்து என் மூக்கைத் துடைத்துவிட்டாள். பெருவிரலில் ஊதா இன்னும் போகவில்லை.

“அழுவாத மருமவளே. நீ புள்ள, ஏதோ எழுதிட்ட. படிச்சவுக பெரியவுகதான? அவுகளுக்குல்ல தெரியணும்.”

அவ்வளவுதான் சொன்னாள். பஸ் வளைவில் திரும்புகிற வரைக்கும் கோணல் கையை ஜன்னலுக்கு வெளியே ஆட்டிக்கொண்டே போனாள். நான் நேரே வாய்க்கால் மதகுக்குப் போய்ப் பேனாவைத் தண்ணீரில் போட்டேன். மை ஊற்றிக்கூடப் பார்க்கவில்லை. தொலைத்துவிட்டேன் என்று சொன்னதற்கு அம்மா நாலு சாத்து சாத்தினாள். இன்னும் ரெண்டு போட மாட்டாளா என்று இருந்தது எனக்கு.

அடுத்த வருஷம் கிறிஸ்துமஸ் கழிந்து மாமா வந்து அத்தையைத் தேடினார். அவள் அந்த வீட்டை விட்டுப் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. எங்களிடம் வரவில்லை. அப்பா உத்தமபாளையம், கம்பம் என்று தெரிந்த இடமெல்லாம் தேடினார். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று நான் கேட்டால், “விடு” என்பார். அவர் படுக்கையில் விழுந்து, நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில்தான் தானாகச் சொன்னார். இரண்டு வருஷம் கழித்து, மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில், ஒரு ஏலத்தோட்டத்தில் அவளைக் கண்டுபிடித்திருக்கிறார். காய் பிரிக்கிற கொட்டகையில் வேலை.

“வீட்டுக்கு வா தாயின்னேன். ‘எந்த வீட்டுக்குண்ணே?’ன்னுச்சு. அம்புட்டுத்தான்” என்றார் அப்பா.

“கோவமா இருந்துச்சாப்பா?”

“கோவமே இல்ல. பாலில்லாத கட்டஞ்சாயா போட்டுக் குடுத்துச்சு. பஸ்ஸுக்குக் கூடவே நடந்து வந்துச்சு. ஏறப்போகயில, ‘மருமவ அந்தப் பேனாவுல எழுதுதாண்ணே?’ன்னு கேட்டுச்சு.”

“நீங்க என்ன சொன்னீக?”

“எழுதுதுன்னு சொன்னேன்” என்றார். கஞ்சி கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் நாலு வருஷம்தான் இருந்தாள். காய்ச்சலில் போய்விட்டாள், அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்குக் கார்டு வந்தது.

நான் நர்ஸாக முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தேன். எந்த இடத்தில் வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று நோயாளி சொல்வதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே கேஸ் ஷீட்டில் எழுதுவேன். டாக்டர்கள் சிரிப்பார்கள், சிலர் திட்டுவார்கள். ஒரு சொல்லை மாற்ற மாட்டேன். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஒன்றும் சரியாகவில்லை.

லீடர், ஞாயிற்றுக்கிழமை நாலாவது படத்தைப் போடு. அதில் கைநாட்டு மட்டும்தான் அத்தையுடையது. இப்போது இருக்கிற சாமியாரிடம் கேட்டு அந்தப் பக்கத்தின் கீழே, கறையான் தின்னாத இடத்தில், இதையும் எழுதிவிடு. அந்தப் பக்கத்தில் என் கையெழுத்து ஏற்கெனவே இருப்பது போதும். உன் கையெழுத்து நன்றாக இருக்கும். ஒரு எழுத்துக்கூட மாற்றாதே. துண்டுக்குள்ளிருந்து அவள் சொன்னது இதுதான்:

‘இதை எழுதுனவுக ஓநாயக் கண்ணால பாத்ததில்ல. அத்துக்கிட்டுப் போன பிராணி பசிக்குதுன்னு சங்கிலிக்குத் திரும்பி வராது. செத்தாலும் வெளியதான் சாகும். அது தானா வந்துச்சுன்னு கத சொல்றது கட்டிப் போட்டவனாத்தான் இருக்கும்.’